நமீபியா பாலைவனத்துல சஃபாரி கேம்ப் – அம்மாவ கூட்டிட்டு போலாமா? 9 நாள் ப்ளான் பாத்து சொல்லுங்க

தேரிக்காட்டான்
வணக்கம் மக்களே. ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் இருந்தவன், இப்பதான் முதல் தடவையா இழை போடுறேன். வர்ற ஜூலைல நமீபியா போலாம்னு இருக்கோம். நான், வீட்டம்மா, 11 வயசு பையன், அப்புறம் எங்க அம்மா. அம்மாவுக்கு 67 ஆகுது, முட்டி கொஞ்சம் மக்கர் பண்ணும், மத்தபடி ஊர்ல தோட்டத்துக்கு நடந்துதான் போவாங்க. சுத்த சைவம்.

ப்ளான் இதுதான். 1ம் நாள் விண்ட்ஹுக். 2 செஸ்ரியம் (சிவப்பு மணல் மேடு). 3 ஸ்வாகோப்முண்ட் (கடலோர ஊர்). 4 டமராலாந்து. 5, 6 எட்டோஷா (சிங்கம் இருக்கற பெரிய நேஷனல் பார்க்). 7 வாட்டர்பெர்க். 8 திரும்ப விண்ட்ஹுக். 9 ஃப்ளைட். வண்டி நானே ஓட்டுவேன். செஸ்ரியத்துலயும் டமராலாந்துலயும் மட்டும் நல்ல சஃபாரி கேம்ப், மத்த இடத்துல கெஸ்ட் ஹவுஸ். டென்ட்ல தங்குறது வயசானவங்களுக்கு சரிப்படுமா, பாத்ரூம் எல்லாம் எப்படி, சாப்பாடு கிடைக்குமா, சிங்கம் கிங்கம் வருமா? யாராச்சும் போனவங்க சொல்லுங்க.

பட்ஜெட்_பரமு
டென்ட்டுக்கு போய் ஸ்டார் ஓட்டல் காச குடுக்கணுமான்னு ஒரு தடவ யோசிங்க பாஸ். சில கேம்ப்ல ஒரு ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு அம்பதாயிரம் ரூவா தாண்டுது, நாலு பேருக்கு கணக்கு போட்டு பாருங்க. செஸ்ரியம்ல கவர்மென்ட் கேம்ப்சைட் இருக்கு, நம்ம டென்ட்ட நாமளே போட்டுக்கலாம், கேட்டுக்கு உள்ள வேற இருக்கு. நான் அங்கதான் தங்குனேன். நல்லாத்தான் இருந்துச்சு.

மணல்வீடு_மாரி
தேரி தம்பி, நான் ஜோஹன்னஸ்பர்க்ல இருக்கேன், நமீபியா மூணு தடவ போயிருக்கேன், ரெண்டு தடவ வண்டி ஓட்டிட்டு ஒரு தடவ கைடோட. உங்க ப்ளானை பாத்ததும் எனக்கு இடுப்பு வலிச்சுது. நெஜமா சொல்றேன்.

மேப்புல பாத்தா பக்கத்துல பக்கத்துல தெரியும். விண்ட்ஹுக்குல இருந்து செஸ்ரியம் 350 கிலோமீட்டர் கிட்ட. அதுல பாதிக்கு மேல சரளை ரோடு. அஞ்சு மணி நேரம் ஆயிடும். செஸ்ரியம் டு ஸ்வாகோப்முண்ட் இன்னொரு 350. அங்கேருந்து டமராலாந்துல இருக்கற ட்வைஃபல்ஃபொன்டைன் 300க்கு மேல. அங்கேருந்து எட்டோஷா இன்னொரு 300. நீங்க போட்டிருக்கறது சஃபாரி இல்ல தம்பி, லாரி ட்ரிப். ஒவ்வொரு நாளும் மதியம் மூணு மணிக்கு தூசி முழுங்கிட்டு போய் இறங்கி, ராத்திரி தூங்கி, காலைல பொட்டி கட்டணும். கேம்ப்புக்கு குடுத்த காசு முழுக்க வேஸ்ட், ஏன்னா கேம்ப்ல நடக்கறதெல்லாம் விடியக்காலமும் சாயங்காலமும்தான். நடுப்பகல்ல அங்க ஒண்ணுமே நடக்காது, அந்த ஒண்ணும் நடக்காத நேரத்துக்குதான் நீங்க காசு குடுக்கறீங்கன்னு கூட சொல்லலாம், டென்ட் வாசல்ல சேர் போட்டு ஒக்காந்தா முப்பது கிலோமீட்டருக்கு ஒரு மனுசன் கண்ணுல பட மாட்டான். நாடே அப்படித்தான், தமிழ்நாட்ட மாதிரி ஆறு மடங்கு பெருசு, ஜனத்தொகை மொத்தமே 30 லட்சம்.

அதனால நான் சொல்றது ஒண்ணே ஒண்ணு. எட்டோஷாவ வெட்டுங்க. வாட்டர்பெர்க்கையும் வெட்டுங்க. செஸ்ரியத்துல மூணு ராத்திரி, ஸ்வாகோப்முண்ட்ல ஒண்ணு, டமராலாந்துல மூணு. முடிஞ்சுது.

தேரிக்காட்டான்
ஐயோ அண்ணே எட்டோஷாவ வெட்டுறதா? பையன் சிங்கம் சிங்கம்னு குதிக்கான். ஆப்பிரிக்கா போயிட்டு சிங்கம் பாக்காம வந்தா ஸ்கூல்ல என்ன சொல்லுவான்?

மணல்வீடு_மாரி
சிங்கம்தான் வேணும்னா பாலைவனத்துக்கு ஏன் போறீங்க, எங்க தென்னாப்பிரிக்கா க்ரூகர் பார்க் போங்க, கென்யா போங்க. செஸ்ரியம் பக்கம் சிங்கமே கிடையாது. மேல ஹோவானிப், ஹுவாப் ஆத்துப் படுகைகள்ல பாலைவன சிங்கம் இருக்கு, ஆனா கொஞ்சம்தான், பாத்தா அதிர்ஷ்டம். பாலைவன கேம்ப்ல பாக்கறது வேற. தண்ணியே இல்லாத எடத்துல எது எது எப்படி எப்படி பொழைக்குதுன்னு பாக்கறது. அது பிடிக்கும்னா போங்க, பிடிக்காதுன்னா போகாதீங்க, இதுல தப்பு ஒண்ணும் இல்ல.

ரேவதி_கோவை
மாரி அண்ணா சொல்றதுல பாதி சரிங்க, பாதி கொஞ்சம் கறார். நாங்க ரெண்டு பசங்களோட போனோம், எட்டோஷாவும் போனோம். ஒகாகுயோ கேம்ப்ல ராத்திரி லைட் போட்ட ஒரு தண்ணிக்குட்டை இருக்குங்க, சுவத்துக்கு இந்தப் பக்கம் பெஞ்சுல ஒக்காந்துட்டே பாக்கலாம், ஒம்போது மணிக்கு காண்டாமிருகம் வந்து தண்ணி குடிச்சது, அந்த உறிஞ்சற சத்தம் கூட கேட்டுச்சு. அத வேணாம்னு எப்படிங்க சொல்றது. ஆனா ஒம்போது நாள்ல எல்லாத்தையும் திணிக்க முடியாது, அது நெஜம். எங்க சின்னவன் மூணாம் நாள் கார்லயே வாந்தி எடுத்துட்டான்.

தேரி, உங்க கேள்விக்கு வரேன். டென்ட்டுன்னதும் ஸ்கூல் கேம்ப் மாதிரி நெனைக்காதீங்க. பலகை மேடை போட்டு அது மேல தடிமனான கேன்வாஸ், உள்ள கட்டில், மெத்தை, ஜிப் வெச்ச வாசல். பின்னாடியே பாத்ரூம், வெஸ்டர்ன் டாய்லெட், அம்மாவுக்கு பிரச்சனையே இல்ல. சில எடத்துல ஷவருக்கு மேல கூரை இருக்காது, வானத்த பாத்துட்டே குளிக்கணும். எங்க மாமியார் மொத நாள் குளிக்கவே மாட்டேன்னுட்டாங்க, ரெண்டாவது நாள் வெளிய வரவே மாட்டேங்கறாங்க. வெந்நீர் விறகு அடுப்புல காயற ட்ரம்ல இருந்து வரும், அதுக்கு அங்க 'டாங்கி'ன்னு பேரு, கழுதைதான். சாயங்காலம் ஒருத்தர் வந்து டாங்கிய பத்த வைக்கட்டுமான்னு கேட்டப்ப எங்க வீட்டுக்காரர் முழிச்ச முழி இருக்கே.

சாப்பாடு: புக் பண்றப்பவே எழுதிடுங்க, போய் சொன்னா கஷ்டம். அங்க ராத்திரி சாப்பாடுன்னா ஓரிக்ஸ் மான் கறி, கூடு மான் கறி, இதுதான். சொல்லி வெச்சா பூசணி, பீன்ஸ், மக்காச்சோள மாவுல களி மாதிரி ஒண்ணு கிண்டுவாங்க, பேர் பாப். நம்ம களியேதாங்க, வெள்ளையா இருக்கும். நான் பருப்புப்பொடியும் நல்லெண்ணெயும் வெச்சு சாப்டேன், சமையல்காரர் எட்டிப் பாத்து ஒரு வாய் வாங்கி சாப்ட்டு ரெண்டு நிமிஷம் தண்ணி தண்ணின்னு ஓடினார் பாவம்.

குளிர் ரொம்ப முக்கியம். ஜூலைன்னா அங்க குளிர்காலம். பகல்ல சட்டையோட திரியலாம், விடியக்காலம் ஜீரோ கிட்ட போயிடும். தெறந்த ஜீப்புல காத்து அடிக்கும் பாருங்க, ஊட்டி எல்லாம் சும்மா. குல்லா, கையுறை, தெர்மல் எல்லாருக்கும். கேம்ப்ல போர்வைக்குள்ள வெந்நீர் பை வெச்சுடுவாங்க, தெரியாம கால வெச்சா ஏதோ பிராணி படுத்திருக்குன்னு கத்துவீங்க. நான் கத்துனேன்.

குதர்க்கம்_குப்பு
காட்டுவாசி மாதிரி இருக்கணும்னு ஆசை, ஆனா வெந்நீர் பையும் வேணும் 😀

ரேவதி_கோவை
ஆமாங்க வேணும். நீங்க வெறும் தரையில படுத்துக்கங்க.

கேமராக்காரன்
ஜூலை ஓகே ப்ரோ, ஆனா நான் அக்டோபர் ஆளு. அக்டோபர்ல வெயில் கொளுத்தும், நாப்பது தொடும், ஆனா தண்ணி வத்திப்போய் மிருகமெல்லாம் மிச்சமிருக்கற தண்ணிக்கு வந்துதான் ஆகணும். இன்னொண்ணு, அப்பதான் பல்லி கத்தும். சூரியன் எறங்குனதும் மணல் பொந்துக்குள்ள இருந்து டக் டக் டக்னு ஆயிரக்கணக்குல. குரைக்கற பல்லின்னே பேரு, ஜோடி தேடி கூப்புடுதாம். எங்க பாட்டி இருந்திருந்தா எத்தன சகுனத்துக்குன்னு பலன் பாக்கும்.

போட்டோவுக்கு: டெட்ஃப்ளே. வெள்ளை களிமண் தரை, கருப்பா பட்டுப்போன மரங்க, பின்னாடி ஆரஞ்சு கலர் மணல்மேடு, எல்லா காலண்டர்லயும் வர்றது அதுதான். ஒரு காலத்துல சௌகாப் ஆறு அங்க வரைக்கும் வந்துட்டு இருந்திருக்கு, மணல் நகந்து வழிய அடைச்சிருச்சு, தண்ணி நின்னுச்சு, மரம் செத்துருச்சு. செத்து 600, 700 வருசமாச்சு. மக்கறதுக்குக் கூட ஈரம் இல்லாததால அப்படியே நிக்குது. மரம் பூரா நிழல்ல இருக்கணும், பின்னாடி மேட்டுல மட்டும் வெயில் விழணும், அந்த பத்து நிமிஷம்தான் படம். அதுக்கு விடியறதுக்கு முன்னாடியே உள்ள போகணும், அதான் மேட்டர்.

பார்க்குக்கு கேட்டு ரெண்டு இருக்கு. வெளி கேட்டு சூரியன் உதிச்சாத்தான் தொறப்பான். உள் கேட்டுக்கு பக்கத்துல பார்க்குக்குள்ளயே தங்குறவங்கள ஒரு மணி நேரம் முன்னாடி விடுவான். அங்கேருந்து 60 கிலோமீட்டர் தார் ரோடு, கடைசி அஞ்சு கிலோமீட்டர் சுத்த மணல். நெறய காஸ்ட்லி கேம்ப் கேட்டுக்கு வெளிலதான் இருக்கு, வெப்சைட்ல 'மணல்மேட்டுக்கு நடுவுல'ன்னு போட்டிருப்பான், நம்பாதீங்க, மேப் பாருங்க. இந்த ஒரு விஷயத்துல பரமு சொன்ன கவர்மென்ட் கேம்ப்சைட்தான் ராஜா.

லென்ஸ வெளில மாத்தாதீங்க. குளிர்காலத்துல கிழக்கத்திக் காத்து கெளம்புனா மணல் ஊசி மாதிரி குத்தும். என் 24-70 இன்னிக்கும் திருப்புனா கரகரங்குது.

பட்ஜெட்_பரமு
அப்படிப் போடு!! ராஜான்னு சொல்லிட்டாப்ல.

மணல்வீடு_மாரி
பரமு, 67 வயசு அம்மாவ தரைல படுக்க வெச்சு, ராத்திரி டாய்லெட்டுக்கு டார்ச் அடிச்சிட்டு நூறு அடி நடக்க வைக்கணுமா? ஜாக்கால் நரி வந்து வெளில வெச்ச செருப்ப தூக்கிட்டு போற எடம் அது. தேளும் உண்டு, தடி வாலு, முன்னால மெல்லிசான இடுக்கி, அந்த வகை விஷம் ஜாஸ்தி. ஷூவ காலைல ரெண்டு தடவ தட்டிட்டுதான் போடணும், இது எந்த கேம்ப்னாலும்.

வண்டி பத்தி சொல்றேன், இத ஒழுங்கா படிங்க. நமீபியாவுல டூரிஸ்ட்ட சாகடிக்கறது சிங்கம் இல்ல, சரளை ரோடு. போர்டுல 100 போட்டிருந்தாலும் 80க்கு மேல போகாதீங்க. பாக்க நல்ல ரோடா இருக்கும், வளைவுல வண்டி வழுக்கி உருண்டுரும். இருட்டுன பிறகு ஓட்டவே கூடாது, நிறைய வாடகை கம்பெனி கான்ட்ராக்ட்லயே போட்டிருப்பாங்க. ஸ்டெப்னி ரெண்டு கேளுங்க. டயர் காத்து சரளைக்கு கொஞ்சம் கம்மி, மணல்னா இன்னும் நல்லா எறக்கணும், திரும்பி வந்ததும் ஏத்தணும். இடது பக்கம்தான் ஓட்டறது, அது நமக்கு வசதி. பெட்ரோல் பங்க் கண்ட எடத்துல எல்லாம் ஃபுல் பண்ணுங்க, அரை டேங்க் இருக்கேன்னு யோசிக்காதீங்க. சொலிட்டேர்னு ஒரு ஊர் வரும், ஊர்ன்னா ஒரு பங்க், ஒரு பேக்கரி, சுத்தி துருப்பிடிச்ச பழைய கார்க, அங்க ஆப்பிள் பை சாப்பிடாம போனா பாவம்.

அந்த கடைசி அஞ்சு கிலோமீட்டர் மணல்ல நீங்க ஓட்டாதீங்க. வீரம் வேணாம். பார்க்கிங்ல இருந்து ஷட்டில் ஜீப் இருக்கு, அதுல போங்க. ஒவ்வொரு நாளும் ஒரு ஜெர்மன்காரன் அங்க புதைஞ்சு கிடப்பான், நீங்க இந்தியா சார்பா கலந்துக்க வேணாம்.

வடமராட்சி_வானம்
வணக்கம். நாங்கள் லண்டனிலை இருந்து போன வருசம் ஆடி மாதம் போனனாங்கள். எல்லாரும் நிலத்தைப் பற்றியே கதைக்கிறியள், வானத்தைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை. தம்பி தேரி, முதலிலை பஞ்சாங்கத்தைப் பாத்து அமாவாசையை ஒட்டி புக் பண்ணுங்கோ. நிலவு இருந்தால் எல்லாம் பாழ். நமீப்ராண்ட் எண்ட ஒதுக்கிடம் செஸ்ரியத்துக்குத் தெற்காலை இருக்கு, 2012 இலை அதை உலக இருள்வான் காப்பகமா அறிவிச்சவை. அங்கை கண்ணுக்கு முன்னாலை கையை நீட்டினால் கை தெரியாது, ஆனா பால்வீதி வெளிச்சத்திலை மணல் மேட்டின்ரை விளிம்பு தெரியும்.

எங்கட ஊரிலை விருச்சிகம் தெற்குப் பக்கம் தானே சரிஞ்சு கிடக்கும். அங்கை இரவு பத்து மணிக்கு கேட்டை நட்சத்திரம் நேர உச்சந்தலைக்கு மேலை நிக்குது. தேள் முழுசா, கொடுக்கு, மூலம், வால் எல்லாம் தலைக்கு மேலை. கழுத்து நோகும், நிலத்திலை பாயைப் போட்டுப் படுத்துப் பாருங்கோ. திரிசங்கு (தெற்குச் சிலுவை) தெளிவாத் தெரியும். விடியப்புறம் அஞ்சு மணிக்கு எழும்பினால் தென்கிழக்கிலை அகத்தியர் நட்சத்திரம். அம்மாவுக்கு அகத்தியரைக் காட்டுங்கோ, தெற்கை போனவர் எண்டு கதை தெரிஞ்சிருக்கும், அவர் எவ்வளவு தெற்கை போனவர் எண்டு அங்கை நிண்டால்தான் விளங்கும்.

தேரிக்காட்டான்
இவ்ளோ பதில் வரும்னு எதிர்பாக்கல, எல்லாருக்கும் நன்றி. அகத்தியர் மேட்டர அம்மாட்ட சொன்னேன், "நம்ம பொதிகமலை அகத்தியரா? அவரு அங்க எதுக்கு போனாரு"ன்னு கேட்டுட்டு, அதுவர சந்தேகமா இருந்தவங்க, "சரி வாரேன்"னுட்டாங்க.

பையன்கிட்ட பேச்சுவார்த்தை நடந்துச்சு. 2022 செப்டம்பர்ல மத்தியப் பிரதேசம் கூனோ காட்டுக்கு வந்த எட்டு சீட்டாவும் நமீபியால இருந்து வந்ததுதான்னு காட்டுனேன். எட்டோஷா கட். யானை ஓகேன்னுட்டான். பாலைவனத்துல யானை இருக்குன்னா நம்பவே மாட்டேங்கான்.

குதர்க்கம்_குப்பு
நல்லா இருக்கு. 2024ல வறட்சின்னு சொல்லி 723 மிருகத்த சுட்டு கறி பங்கு போடறோம்னு அறிவிச்ச அரசாங்கம் அது, அதுல 83 யானை. அப்புறம் வெள்ளக்காரன் காசு குடுத்து வேட்டையாடவும் விடறாங்க. இதுக்கு நாம போய் காசு குடுத்து "பாதுகாப்பு"ன்னு சொல்லிக்கணும்.

மணல்வீடு_மாரி
குப்பு, அறிவிச்சது நெஜம், மறுக்கல. ஆனா நாட்டுல பாதி ஜனம் சோத்துக்கு இல்லாம இருந்த வருசம் அது. முழுக் கதையும் கேளுங்க. 1990ல சுதந்திரம் வாங்குனாங்க. அதுக்கு முன்னாடி காட்டு மிருகம் மேல ஊர்க்காரனுக்கு ஒரு உரிமையும் கிடையாது, யானை வந்து தண்ணித் தொட்டிய ஒடைச்சா நஷ்டம் மட்டும் அவனுக்கு. 1996ல சட்டத்த மாத்துனாங்க, ஊர்க்காரங்களே சேந்து கன்சர்வன்சின்னு பதிவு பண்ணி அந்த நிலத்துல வர்ற கேம்ப் வருமானத்துல பங்கு வாங்கலாம்னு. 1998ல மொத நாலு வந்துச்சு, இப்ப 86 இருக்கு. டமராலாந்துல நீங்க தங்குற நெறய கேம்ப் அப்படிப்பட்ட நிலத்துலதான். மேனேஜர், கைடு, சமையல் எல்லாம் அந்த ஊர் ஆளுங்க. வேட்டை வருமானமும் அதுக்குள்ள வருது, எனக்கும் அது பிடிக்கல, ஆனா ஆடு மேய்க்கறவன் தொட்டிய யானை ஒடைக்கறப்ப அவன் துப்பாக்கி எடுக்காம இருக்கணும்னா அவனுக்கு ஏதோ ஒரு காரணம் வேணும்ல.

குதர்க்கம்_குப்பு
காரணம் வேணும்தான். அந்த அம்பதாயிரத்துல அவன் கைக்கு எவ்ளோ போவுதுங்கறதுதான் என் கேள்வி.

மணல்வீடு_மாரி
கேம்ப்புக்கு கேம்ப் ஒப்பந்தம் மாறும். புக் பண்றப்ப கேளுங்க. பதில் சொல்ல முழுங்குனா வேற கேம்ப் பாருங்க.

பட்ஜெட்_பரமு
கேட்டா டிஸ்கவுன்ட் குடுப்பானா?

---

தேரிக்காட்டான்
மக்களே போயிட்டு வந்தாச்சு!! ஆகஸ்ட் ஆயிடுச்சு எழுத, ஆபீஸ் தொல்லை. கொஞ்சம் நீளமா எழுதுறேன், பிடிச்சவங்க படிங்க.

மாரி அண்ணன் சொன்னபடியே செஸ்ரியம் 3, ஸ்வாகோப் 1, டமராலாந்து 3. மொத நாள் ரோட்டுலயே புரிஞ்சு போச்சு, 350 கிலோமீட்டருக்கு ஆறு மணி நேரம், நடுவுல மகர ரேகை போர்டு கிட்ட நின்னு போட்டோ, சொலிட்டேர்ல ஆப்பிள் பை (அம்மா முட்டை இருக்கும்னு தொடல, தேங்கா பன் கேட்டாங்க). கேம்ப்புக்கு போறப்ப மணி நாலு. இதே வேகத்துல தினமும் ஓடியிருந்தா செத்திருப்போம்.

ரெண்டாம் நாள் காலைல மணல்மேடு. ஜூலைல அங்க ஏழரைக்கு மேலதான் விடியுது, அதனால நடுராத்திரி எந்திரிக்க வேண்டியதில்ல. டெட்ஃப்ளேக்கு வண்டி நிறுத்துற எடத்துல இருந்து ஒரு கிலோமீட்டர் மணல்ல நடக்கணும். அம்மாவுக்கு முட்டிக்கு பெல்ட் போட்டு விட்டேன். நான் கைய பிடிக்கப் போனேன், அம்மா செருப்ப கழட்டி கைல வச்சுக்கிட்டு விறுவிறுன்னு முன்னால போயிட்டாங்க. எங்க ஊர் உடன்குடி பக்கம், சின்ன வயசுல பூரா தேரிலதான் (எங்க ஊரு செம்மணல் மேடு) பனங்கிழங்கு பொறுக்கித் திரிஞ்சவங்க. மணல்ல எப்படி நடக்கணும்னு என் பெஞ்சாதிக்கும் பையனுக்கும் க்ளாஸ் வேற: குதிங்கால ஊனாத, பெருவிரல அழுத்து, மேட்டுல நேரா ஏறாத, சாச்சு ஏறு. கைடு பாத்துட்டு "உங்கம்மா பாலைவனத்து ஆளா"ன்னு கேட்டாரு.

தேரிமண் செவப்புக்கு என்ன காரணமோ அதேதான் அங்கயும், இரும்பு துருப்பிடிக்கறது. கைடு சொன்னாரு, அந்த மணல் ஆரஞ்சு ஆத்துல அடிச்சிட்டு கடலுக்கு போயி, பெங்குவெலா நீரோட்டம் அத வடக்க தள்ளி, காத்து திரும்ப நிலத்துக்குள்ள கொண்டாந்து போட்டதாம். கடலோரத்துல இருக்கறது வெளுப்பு, உள்ள வர வர பழசு, செவப்பும் கூடும். அம்மா ஒரு புடி எடுத்து, அங்கங்க கறுப்பா இருந்தத விரலால ஒதுக்கி, "நம்ம மண்ணுலயும் இந்த கருமணலு கெடக்கும்ல"ன்னாங்க. கைடு பாக்கெட்ல இருந்து காந்தத்த எடுத்து காட்டுனாரு, கறுப்பு பூரா ஒட்டிக்கிச்சு. பையன் அதுக்கப்புறம் சிங்கத்த பத்தி பேசவே இல்ல, மூணு நாளும் அந்த காந்தம்தான்.

பிக் டாடி மேட்டுல நானும் பையனும் ஏறுனோம். 300 மீட்டருக்கு மேல உயரம். மேல ஏற ஒண்ணரை மணி நேரம், கீழ எறங்க அஞ்சு நிமிஷம். எறங்கறப்ப மணல் உறுமுது, அடிவயித்துல அதிரும்.

மதியம் டென்ட் வாசல். மாரி அண்ணன் சொன்ன மாதிரி ஒண்ணுமே நடக்கல. ஒரு ஓரிக்ஸ் மட்டும் தூரத்துல ஒத்தை முள்மரத்து நிழல்ல அப்படியே நின்னுச்சு. வியர்வைல தண்ணிய செலவழிக்காம உடம்பு சூட்ட ஏற விட்டுருமாம், 45 டிகிரி வரைக்கும் போகுமாம். மூளைக்கு போற ரத்தத்த மட்டும் மூக்குகிட்ட குளுர வச்சு அனுப்பும். நமீபியாவோட அரசு முத்திரையிலயே ரெண்டு ஓரிக்ஸ் நிக்குது. அம்மா அத ரெண்டு மணி நேரம் பாத்துட்டு "அசையவே இல்ல, பாவம் அதுக்கும் முட்டி வலி போல"ன்னாங்க.

வானம்: வடமராட்சி ஐயா, விருச்சிகம் உச்சந்தலைக்கு மேல, சொன்னது சொன்னபடி. காலைல அகத்தியரயும் பாத்தோம். அம்மா கும்புட்டாங்க. குளிர்ல என் கைதான் நடுங்குச்சு.

அடுத்தது ஸ்வாகோப்முண்ட், ஒரே மூடுபனி, ஜில்லுன்னு காத்து. கடலுன்னதும் பையன் ட்ரவுசரோட ஓடி, கால நனச்சிட்டு அதே வேகத்துல திரும்பி ஓடி வந்தான். அந்த பனிதான் அங்க மழைக்கு பதில். ஒரு கருப்பு வண்டு மணல்மேட்டு உச்சில தலைய கீழ, பின்பக்கத்த மேல தூக்கி நிக்குமாம், முதுகுல பனி படிஞ்சு துளியா உருண்டு வாய்க்கு வரும். நாங்க போனப்ப வண்டு மட்டும் கெடச்சுது, பனி கலைஞ்சு போயிருந்துச்சு, அதனால நிக்கறத பாக்கல.

இப்ப டமராலாந்து. இதுக்குதான் இவ்ளோ நேரம் எழுதிட்டு வந்தேன்.

செவப்பு பாறை, கூழாங்கல்லு, நடுவுல காஞ்ச ஆறு. கேம்ப்ல ராத்திரி தனியா நடக்க விட மாட்டாங்க, சாப்பாட்டு டென்ட்டுக்கு ஆள் வந்து கூட்டிட்டு போவாரு, யானை நடமாட்டம். கைடு அதே ஊர்க்காரர், டமரா ஆளு. அவங்க பாஷைல நாக்க சொடக்கி நாலு விதமா சத்தம் வரும். எங்களுக்கு சொல்லிக் குடுத்தாரு, எனக்கு ஒண்ணும் வரல. அம்மா மட்டும் ரெண்டு சத்தம் டக்குன்னு போட்டாங்க. "இது மாட்டப் பத்துற சத்தம்லா, இது கோழிய கூப்புடுறது." அதுலருந்து அவரு அம்மாவ அம்மான்னுதான் கூப்பிட்டாரு.

மொத நாள் யானை இல்ல. காலடி மட்டும். ரெண்டாம் நாளும் மதியம் வரைக்கும் இல்ல. சாணத்த ஒடைச்சு பாத்து, இன்னும் ஈரமா இருக்குன்னு ஆத்துலயே மெதுவா ஓட்டுனாரு. ஒரு வளைவு தாண்டி எஞ்சின நிறுத்திட்டாரு. ஒரு பொம்பள யானை, கூட குட்டி. நமக்கும் அதுக்கும் முப்பது அடி இருக்கும். காஞ்ச மணல்ல முன்னங்கால வச்சு முன்னயும் பின்னயும் தேய்க்குது. அப்புறம் தும்பிக்கைய வளச்சு மணல அள்ளி வெளிய வீசுது. திரும்ப கால். திரும்ப தும்பிக்கை. தும்பிக்கை பாதி உள்ள போற ஆழம் ஆனதும் நிறுத்திட்டு சும்மா நிக்குது. ஏன் நிக்குதுன்னு எங்களுக்கு புரியல. அம்மா மெதுவா என் தொடைய தட்டி, "ஊறட்டும்னு நிக்குது"ன்னாங்க. கொஞ்சம் கழிச்சு தும்பிக்கைய விட்டு உறிஞ்சி அந்த தண்ணிய குடிக்காம மணல்ல பீச்சிருச்சு. "மொதத் தண்ணி கலங்கல், எறைச்சு ஊத்துது. தாமிரவரணில கோடைல நாங்க ஊத்து தோண்டுனா இப்படித்தான் செரட்டையால ரெண்டு தடவ எறைச்சிட்டுதான் கொடத்துல ஊத்துவோம்." அதுக்குள்ள குட்டி தலைய உள்ள விட்டு குழிய பாதி மூடிருச்சு. தாய் ஒரு தள்ளு தள்ளிட்டு மறுபடி மொதல்ல இருந்து தோண்ட ஆரம்பிச்சுது.

நாப்பது நிமிஷம் இருந்தோம். அது போனதுக்கப்புறம் அந்த குழிக்கு ஒரு ஜாக்கால், ரெண்டு மூணு கவுதாரி மாதிரி பறவை. ஒருத்தரும் பேசல. பையன் கேமராவயே எடுக்கல, கேமராக்காரன் அண்ணா மன்னிக்கணும், எங்ககிட்ட யானை படம் மொத்தமே அஞ்சுதான் இருக்கு, அதுல மூணு ஆடிப்போச்சு.

ட்வைஃபல்ஃபொன்டைன்ல பாறைல வெட்டுன படங்க பாத்தோம், 2007ல யுனெஸ்கோ பட்டியல்ல சேத்தது. அந்தப் பேருக்கு 'சந்தேக ஊத்து'ன்னு அர்த்தமாம், தண்ணி வருமா வராதான்னு தெரியாத ஊத்து. நல்ல பேரு.

கசப்பான விஷயம் ஒண்ணு. வண்டி திருப்பிக் குடுக்கறப்ப 'ஃபுல் கவர்' எடுத்திருந்தும் டயர் பக்கவாட்டு கிழிசலுக்கும் கண்ணாடில ஒரு சின்ன பொட்டுக்கும் தனியா தீட்டிட்டாங்க. ஃபுல் கவர்ல டயரும் கண்ணாடியும் வராதாம். கம்பெனி பேர் வேணாம், எல்லா எடத்துலயும் இப்படித்தான்னு சொல்றாங்க. டயர், கண்ணாடிக்கு தனி இன்சூரன்ஸ் உண்டான்னு கேட்டு போடுங்க, எடுக்கும்போதே அடிப்பாகம் வரைக்கும் வீடியோ எடுத்து வையுங்க.

ப்ளக்: கவலையே படாதீங்க, நம்ம வீட்டு கீசருக்கு போடற பெரிய மூணு பின் ப்ளக்தான் அங்க எல்லா எடத்துலயும். ஒரு 15 ஆம்ப் ஸ்பைக் பஸ்டர் கொண்டு போனா போதும். டென்ட்ல சார்ஜ் பண்ண முடியல, பொது டென்ட்லதான், சோலார்.

கேமராக்காரன்
யானைகிட்ட நாப்பது நிமிஷம். அஞ்சு படம். அதுல மூணு ஷேக். நான் இந்த இழைய விட்டு வெளியேறுகிறேன்.

ரேவதி_கோவை
படிச்சு முடிச்சதும் எங்க மாமியாருக்கு சத்தமா படிச்சு காட்டுனேங்க. ஊறட்டும்னு நிக்குதுன்னு நீங்க எழுதறதுக்கு முன்னாடியே அவங்க சொல்லிட்டாங்க. சாப்பாடு எப்படி இருந்துச்சு?

தேரிக்காட்டான்
செஸ்ரியத்துல பரவால்ல. டமராலாந்துல மூணு நாளும் பூசணிதான், மூணு ரூபத்துல. அம்மா கருப்பட்டி கொண்டு போயிருந்தாங்க, டீல போட்டு கைடுக்கு குடுத்தாங்க, மிச்சத்த அவரே வாங்கிட்டாரு.

குதர்க்கம்_குப்பு
கன்சர்வன்சிக்கு எவ்ளோ போவுதுன்னு கேட்டீங்களா?

தேரிக்காட்டான்
கேட்டேன் ப்ரோ. கேம்ப் மேனேஜர் ஒரு நோட்ட எடுத்து காட்டுனாங்க, சதவீதம் எல்லாம் இருந்துச்சு. கைடுகிட்ட தனியா கேட்டேன். காசு வருது, ஆனா லேட்டா வருது, வறட்சில அவரு ஆடுக பாதி போயிருச்சு, போன வருசம் யானை அவங்க அண்ணன் தொட்டிய ஒடைச்சுதுன்னாரு. கோவம் வரலையான்னேன். "வரும். ஆனா யானை போயிட்டா நீங்க வர மாட்டீங்கல்ல"ன்னாரு. நீங்களே முடிவு பண்ணிக்கோங்க, எனக்கு தெரியல.

வடமராட்சி_வானம்
அம்மா திரும்பவும் வருவாவோ?

தேரிக்காட்டான்
டெட்ஃப்ளே மண்ணு ஒரு மாத்திரை டப்பால எடுத்துட்டு வரணும்னு ஆசப்பட்டாங்க, பார்க்ல இருந்து எடுக்கக்கூடாதுன்னு கைடு சொன்னதும் கொட்டிட்டாங்க. ஊருக்கு போயி ஷூவ தட்டுனா உள்ள இருந்து ஒரு கைப்பிடி வந்துச்சாம். முத்தத்துல செம்பருத்திக்கு போட்டிருக்காங்க.

பட்ஜெட்_பரமு
எல்லாம் சரி, காத்து ஏத்துற கம்ப்ரசர் வண்டியோடயே குடுத்தாங்களா, நாமளே வாங்கிட்டு போணுமா?

தேரிக்காட்டான்
குடுத்தாங்க. ஆனா மீட்டர் வேலை செய்யல. இருநூறு ரூவாக்கு காத்து அளக்குற கேஜ் இங்கயே ஒண்ணு வாங்கிட்டு போயிருங்க.